உயிர் காலேஜும் செத்த காலேஜும்

எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. ஏழு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நான்கு, என் அம்மா பெற்றது மூன்று. பேரன் பேத்திகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்களைத் தாங்கள்தான் வளர்ப்பதாக அவர்களுடைய அம்மாக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் மெட்ராஸில் இரண்டு காலேஜுக்குப் போனவள்.

இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள். போன மாதம் பெரிய மகன் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்தான். பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. வருஷத்துக்கு ஒருமுறைதான் இப்படி லீவு கிடைக்கும். வந்ததும் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். கடற்கரை, ஹார்பர், கப்பல், அப்புறம் மியூசியம். மியூசியத்துக்குள்ளே கூரையிலிருந்து ஒரு திமிங்கலத்தின் எலும்பு தொங்குகிறது. "இதெல்லாம் நீங்க எங்க பாத்திருக்கப் போறீங்க" என்றாள் மருமகள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். "இது நான் போன காலேஜ்" என்றேன். மகன் சத்தமாகச் சிரித்தான். மருமகள் மரியாதை தெரிந்தவள், சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள்.

சிரிக்கிறவர்களுக்கு வாயால் பதில் சொன்னால் அதுவும் அந்தச் சிரிப்பிலேயே போய்விடும். அதனால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வருகிறது. கை வலித்தால் நிறுத்திவிடுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் வீடு பெங்களூர் ஜோகுபாளையத்தில். தெருவை விட்டு வெளியே வந்தால் மெட்ராஸ் ரோடு. அந்த ரோட்டைப் பிடித்து நடந்தால் சாயங்காலத்துக்குள் மெட்ராஸ் வந்துவிடும், பெரியவர்கள் சோம்பேறித்தனத்தால்தான் ரயில் ஏறுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்பாவுக்குக் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பங்களாவில் தோட்ட வேலை. அம்மா காக்ஸ் டவுனில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அப்போது தம்பி ஒருவன்தான். மற்ற இருவரும் பிறகு வந்தவர்கள்.

நான் இரண்டாம் வகுப்பு பாஸ் செய்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குக் காத்திருந்தேன். அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வரிசையில் ஆறு வீடு. ஆறு வீட்டிலும் எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். யாருக்குக் கடுதாசி வந்தாலும் என்னிடம் கொடுப்பார்கள். பாதி படிப்பேன். மீதியை நானே சொல்லுவேன். யாரும் குறை சொன்னதில்லை.

எங்கள் தமிழ் டீச்சர் முதல் வகுப்பில் உயிரெழுத்து சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் வகுப்பில் மெய்யெழுத்து. மெய் என்றால் உடம்பு, உயிர் இல்லாத உடம்பு தானாக அசையாது, அதனால்தான் அதன் தலையில் புள்ளி வைத்துப் படுக்க வைத்திருக்கிறோம் என்பார். உயிரையும் மெய்யையும் சேர்த்து எழுதுவதில் பாதிதான் இரண்டாம் வகுப்பில் வந்தது. கீழே வால் இழுக்கிற எழுத்து, முன்னால் கொம்பு போடுகிற எழுத்தெல்லாம் மூன்றாம் வகுப்பில். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மெட்ராஸ் ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர். தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். அத்தைக்கு ஐந்து மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய்விட்டன. இந்தத் தடவை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். மாமா விடியற்காலையில் ஹார்பருக்குப் போனால் இருட்டித்தான் வருவார். தெருக்குழாயோ வீட்டிலிருந்து தூரம்.

"புள்ள பொறக்கற வரைக்கும் பாப்பாவ அனுப்புக்கா. தண்ணி கொண்டாந்து ஊத்திட்டு, அவகூட இருந்தா போதும்" என்றார்.

அம்மா உடனே சரி என்றாள். வேறு என்ன சொல்லுவாள்? இரண்டு முறை அத்தையைக் கையில் ஒன்றும் இல்லாமல் பார்த்தவள் அவள். என் மூன்றாம் வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்கு மாதம் போனால் வகுப்பு போய்விடும். அப்படி நின்ற பெண் திரும்பப் போனதாக எங்கள் வரிசையில் சரித்திரம் இல்லை.

நான் கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். "பள்ளிக்கூடம் தொறக்குது! நான் வரமாட்டேன்!" அப்பா இழுத்தார், வரவில்லை. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள், இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். அப்போதுதான் மாமா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்.

"அட, இதுக்கா அழுவற? பள்ளிக்கூடம் என்ன பெரிய பள்ளிக்கூடம். மெட்ராஸ்ல காலேஜே கீது பாப்பா. ஒண்ணு இல்ல, ரெண்டு. உயிர் காலேஜ் ஒண்ணு, செத்த காலேஜ் ஒண்ணு. ரெண்டுக்கும் மாமாவே இட்டுனு போறேன்."

அப்பா சிரித்தார். அம்மாவும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கையை விட்டேன்.

இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்து மெட்ராஸ் ஜனங்கள் மிருகங்களைக் கூண்டில் வைத்திருந்த இடத்தை உயிர் காலேஜ் என்பார்கள். பாடம் பண்ணி வைத்த மிருகங்களும் எலும்பும் இருக்கிற மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். எனக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது என் டீச்சர் சொன்னது. உயிர் காலேஜ் என்றால் உயிரெழுத்துக்கு. செத்த காலேஜ் என்றால் அசையாமல் படுத்திருக்கிற மெய்யெழுத்துக்கு. இரண்டையும் முடித்தால் சேர்த்து எழுதக் கொடுப்பார்கள். எவ்வளவு ஒழுங்கான ஊர் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம், பள்ளிக்கூடத்தை எப்போதோ விட்டவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "மெய்யெழுத்துக்குப் புள்ளி வெக்க மறந்து டீச்சர்கிட்ட அடி வாங்கினவ நீ. உனக்குக் காலேஜா? ரொம்பத்தான் பிலுக்காதடி."

"அங்க புள்ளி வெக்கத் தனியா காலேஜே இருக்குதுடி" என்றேன். 

சீமையெண்ணெய்க் கடை பாய் மட்டும் நம்பினார். "அரே, காலேஜா! ஷாபாஷ் பேட்டி!" என்று ஒரு முழு பல்பம் எடுத்துக் கொடுத்தார். உடையாத பல்பம் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சிலேட்டைப் பாவாடையில் சுற்றி, பல்பத்தை அதற்குள் செருகி, மறுநாள் காலை கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன்.

வழியெல்லாம் ரயில் என் கண்ணில் கரித்தூள் போட்டது. ஜோலார்பேட்டையில் மாமா வடை வாங்கிக் கொடுத்தார். "காலேஜ்ல எத்தனை கிளாஸ் மாமா?" என்று கேட்டேன். "நெறைய" என்றார். "டீச்சர் அடிப்பாங்களா?" "அங்க யாரும் அடிக்க மாட்டாங்க." "ஏன்?" மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "பாப்பா, அங்க பாரு மாடு" என்றார். நான் பார்த்தேன். எங்கள் தெருவில் இருக்கிற மாதிரியான மாடுதான்.

மெட்ராஸில் இறங்கினால் எல்லாம் சிவப்புக் கட்டடம். "இதுவா மாமா காலேஜ்?" என்றேன். "இது டேசன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் கோபுரம் கோபுரமாக இன்னொன்று, அதன் தலையில் கலங்கரை விளக்கு. "இதுவா?" "இது கோர்ட்டு. இதுக்குள்ள நாம போகாம இருக்கறதுதான் நல்லது." ராயபுரம் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுக் கட்டடம் கேட்டுவிட்டேன்.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். உயரம், கருப்பு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவள் சாதாரணமாகப் பேசினாலே நான்கு வீட்டுக்குக் கேட்கும். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இன்னாய்யா, ஒரு கைப்பிடி எலும்ப இட்டாந்துக்கற? இது எனக்குக் கொடம் தூக்குமா, இல்ல நான் இத்தத் தூக்கணுமா?"

நான் பயப்படவில்லை. மூட்டையைப் பிரித்து சிலேட்டை எடுத்துக் காட்டினேன். "அத்தை, காலேஜ் எப்போ?"

"இன்னா காலேஜ்?"

மாமா எனக்குப் பின்னாலிருந்து கண்ணைச் சிமிட்டியிருக்க வேண்டும். அத்தை அவரைப் பார்த்தாள், சிலேட்டைப் பார்த்தாள், உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள். மீன் குழம்பு. அந்த மாதிரி மீன் குழம்பை நான் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, பின்னாலும் சாப்பிட்டதில்லை. அத்தையைப் பற்றி நான் வேறு என்னவெல்லாம் நினைத்திருந்தாலும் இதை எப்போதும் மறுத்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமாவுக்கு வேலை இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முதலில் தன்னுடைய இடமான ஹார்பரைத்தான் காட்டினார். வாசலில் நின்ற காவல்காரர் மாமாவுக்குத் தெரிந்தவர். "பத்து நிமிஷம்தான்பா" என்று உள்ளே விட்டார். கடலை முந்தின நாளே தெரு முனையிலிருந்து பார்த்துவிட்டேன். அது பெரியதாக இருந்தது, அவ்வளவுதான். ஹார்பரில் பார்த்தது வேறு. நான்கு மாடி உயரத்துக்கு வரிசையாக வட்ட வட்ட ஜன்னல் வைத்து ஒரு கட்டடம். மேலே கொடி பறந்தது. இதுதான், இனிமேல் கேட்கவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து அது பெரிதாக ஊளையிட்டுவிட்டு மெதுவாக நகர ஆரம்பித்தது.

"மாமா! காலேஜ் போவுது!"

அங்கிருந்த கூலிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது கப்பலு பாப்பா. அதோட வயித்துல இருந்துதான் நான் மூட்டை எடுக்கறேன்" என்றார். அந்தக் கப்பல் கண்ணுக்குச் சின்னதாகிற வரை இருவரும் நின்றோம். எங்கள் ஜோகுபாளையத்தில் கப்பல் கிளம்புவதைப் பார்த்தவள் அன்றைக்கு நான் ஒருத்திதான். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்கு உண்டு.

அங்கிருந்து உயிர் காலேஜ். சென்ட்ரலுக்குப் பின்னால் மரம் சூழ்ந்த இடம். உள்ளே போனதும் குரங்கு, மயில், கரடி. யாராக இருந்தாலும் அங்கேயே ஏமாந்து அழுதிருப்பார்கள். நான் அழவில்லை. பாடப் புத்தகத்தில் அ-வுக்கு அணில் படம், ஆ-வுக்கு ஆடு படம் இருக்குமே. இது காலேஜ், அதனால் படத்துக்குப் பதில் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அதற்கேற்றாற்போல் ஒவ்வொரு கூண்டிலும் பெயர்ப் பலகை. நான் சிலேட்டை எடுத்தேன். ஒவ்வொரு பலகையாகப் படித்துப் படித்து எழுதினேன், சிலேட்டு நிறைந்ததும் எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மாமா வாயைத் திறந்தபடி என் பின்னாலேயே வந்தார். ஊரிலிருந்து வருகிறவர்களையெல்லாம் அவர்தான் அங்கே கூட்டிப்போவார். பத்து முறையாவது வந்திருப்பார். அந்தப் பலகையில் ஏதோ எழுதியிருக்கிறது என்று அன்றுதான் கவனித்தாராம்.

"இது இன்னா போட்டுக்குது பாப்பா?" என்று ஒரு கூண்டின் கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

முதல் எழுத்து ப மாதிரி இருந்தது. கீழே ஏதோ வால். அடுத்தது லி. "பலி" என்றேன்.

மாமா ஒரே தாவாகத் தாவி இந்தப் பக்கம் வந்தார். உள்ளே இருந்தது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. பக்கத்தில் நின்றவர் சிரித்து, "புலிம்மா அது, பலி இல்ல" என்றார்.

"அந்த வாலு எனக்குத் தெரியாதுங்க. அது மூணாவதுல வரும்" என்றேன். எனக்கு வெட்கமாக இல்லை. வராத பாடத்துக்கு யார் வெட்கப்படுவார்கள்?

மத்தியானத்துக்கு மேல் எழும்பூரில் செத்த காலேஜ். மறுபடியும் சிவப்புக் கட்டடம், ஆனால் இதுதான் காலேஜ் என்று பார்த்ததுமே தெரிந்தது. பெரிய படிக்கட்டு. உள்ளே குளிர்ச்சி, சத்தமே இல்லை. தலைக்கு மேலே அந்தத் திமிங்கல எலும்பு. அதன் கீழே ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு பெரிய நோட்டு, மேஜைக்குப் பின்னால் காக்கி உடுப்பு போட்ட ஒரு பெரியவர். வருகிறவர்கள் அந்த நோட்டில் பேரும் ஊரும் எழுதினார்கள். ரிஜிஸ்டரை எனக்குத் தெரியாதா? நான் நேராக மேஜை முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பேரு இன்னாம்மா?" என்றார் அவர்.

"ஹாஜர் சார்!"

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கன்னட கிளாஸ், தமிழ் கிளாஸ், உருது கிளாஸ் எல்லாருமே பேர் கூப்பிட்டால் சொல்வது ஹாஜர்தான். மெட்ராஸ்காரருக்கு அது புரியவில்லை. "ஹாஜரா? பாய் வூட்டுப் பொண்ணா?" என்று மாமாவைக் கேட்டார். எலும்பின் கீழே நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா, "பெங்களூர் பாப்பா சார். எழுதத் தெரியும்" என்றார். கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

பெரியவர் பேனாவைக் கொடுத்தார். பேனா பிடிப்பது எனக்கு முதல் தடவை. பல்பம் மாதிரி அழுத்தினேன், மை பொட்டு வைத்தது. இருந்தாலும் என் பெயரை எழுதினேன். கீழே பெங்களூர் என்றும் எழுதினேன். அது சரியாக இருந்திருக்காது. "உன் மாமா பேரையும் எழுதிடு. அவருக்குக் கைநாட்டுதானே" என்றார் பெரியவர். எப்படிக் கண்டுபிடித்தாரோ. எழுதினேன்.

மாமா நோட்டின் மேல் குனிந்தார். "எது என் பேரு?" விரலால் காட்டினேன். "இவ்ளோ நீட்டமா கீது?" என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிற விரல், மை கலைந்துவிடும் என்று தொடாமல் மேலேயே வைத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் நகரவில்லை.

அப்போதுதான் நான் கேட்டேன். "சார், என் கிளாஸ் எது?"

பெரியவர் மாமாவைப் பார்த்தார். மாமா திமிங்கலத்தைப் பார்த்தார்.

"சேரத்தான் சார் வந்திருக்கேன். சிலேட்டு இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். "இங்க கிளாஸ் கிடையாதும்மா. இங்க இருக்கறதெல்லாம் செத்துப்போனது. அதான் இதுக்கு அந்தப் பேரு. பாடம் சொல்லணும்னா உசுரோட ஒரு வாத்தியார் வேணும் இல்லையா? உன் ஊர்ல இருப்பாங்க, போய்ப் படி."

எனக்கு அப்போது எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அப்பா ஏன் சிரித்தார், அம்மா ஏன் முகத்தைத் திருப்பினாள், ரயிலில் மாமா ஏன் மாட்டைக் காட்டினார் எல்லாம். படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். மாமா கூப்பிட்டார், வரவில்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்தார், வாங்கவில்லை. கடைசியில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். "தெருவுல நான் இன்னா மாமா சொல்லுவேன்?" என்று அவர் காதில் கேட்டேன். அவர் என்னை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் அத்தைக்கு நடித்துக் காட்டினார். கப்பல் காலேஜுக்கு அத்தை சிரித்தாள். புலி பலியானதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யோவ், நிறுத்துய்யா, இங்கியே பெத்துடப் போறேன்" என்றாள். ஹாஜர் சாருக்கு இன்னும் சிரித்தாள். பிறகு மாமா, "என் பேர எழுதிச்சி, தெரியுமா? பேனாவால" என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நெஜமாவா? சரியா எழுதினியா?"

"ஒரே ஒரு கொம்பு மட்டும் போடல அத்தை. அது மூணாவதுல வரும்."

"மூணாவது எப்ப?"

"வர்ற வியாழக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது."

அத்தையின் சிரிப்பு நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போய்த் துன்னு" என்றாள்.

திங்கட்கிழமை காலை நான் முடிவோடு எழுந்தேன். காலேஜ்தான் இல்லை என்றாகிவிட்டது, வேலையையாவது சரியாகச் செய்து பெயர் வாங்க வேண்டும். பெரிய குடத்தையே எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். வரிசையில் நின்று, நிரப்பி, இடுப்பில் ஏற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்தேன். பாதி வழியில் அத்தை எதிரே வந்தாள். என் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கினாள்.

"அய்ய, இன்னாடி இது! வழியெல்லாம் ஊத்திக்கினு வர்ற! ஒரு கொடம் தூக்க வக்கில்ல, நீ எனக்கு ஒத்தாசைக்கு வந்துக்கறியா!"

தெருவில் கதவெல்லாம் திறந்தது. குழாயில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமா பனியனோடு ஓடிவந்தார்.

"யோவ், இந்தக் குட்டி எனக்கு லாயக்கில்ல! இத்த வெச்சிக்கினு நான் மாரடிக்க முடியாது. இன்னிக்கே இட்டுனு போய் உங்க அக்கா வூட்டுல உட்டுடு!"

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்கன்னு..."

"டாக்டரம்மா இந்த எலும்பப் பாத்தாங்களா? உடுய்யான்றேன்!"

 என் பாவாடை காய்ந்திருந்தது. தெரு காய்ந்திருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அத்தை அந்தக் குடத்தைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

வியாழக்கிழமை நான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண், "இன்னாடி, காலேஜ் அதுக்குள்ள முடிஞ்சிபோச்சா?" என்றாள். "ரெண்டுலயும் போய்ப் பேர் எழுதிட்டுத்தான் வந்தேன்" என்றேன். ஒன்றில்தான் எழுதினேன். ஆனால் அவளுக்குக் கப்பல் நகர்ந்ததைச் சொன்னபோது கேலி எல்லாம் மறந்து உட்கார்ந்து கேட்டாள். ஒரு மாதம் வரை தினமும் யாருக்காவது சொல்லவேண்டி இருந்தது. அந்த வருஷம் வாலும் கொம்பும் எல்லாம் வந்தது. அடுத்த வருஷம் இரண்டாவது தம்பி பிறந்தான், பள்ளிக்கூடம் நின்றது. எனக்கு இருக்கிற படிப்பு அந்த மூன்று வருஷம்தான்.

அத்தைக்கு எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி அளவு இருந்தாளாம், ஆனால் தங்கிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். "எங்க எங்க காலேஜ்காரம்மா?" என்று வாசலிலிருந்தே சத்தம். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். குழந்தையை நீட்டினாள், கை நீட்டவில்லை. லாயக்கில்லாதவளிடம் எதற்குக் குழந்தை? அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. எனக்கு எத்தனை வயதானபோதும் அவள் சொன்னதில்லை.

என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, நான் குடம் தூக்கப் போனேன் என்று அம்மா என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே வந்தவள், "உங்க அத்தை மாதிரி கிறுக்கு எல்லாருக்கும் பலிக்காதுடி" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னாள். நான் திரும்பி வந்த பிறகு அத்தைக்கு வேறு ஆள் யாரும் கிடைக்கவில்லையாம். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கெஞ்சுவாளாம். கிடைக்காத நாளில் சின்னச் சொம்பில் பத்து நடை, பதினைந்து நடை தானே நடந்து நிரப்பினாளாம். படுத்தால் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். ஏன் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினாய் என்று மாமா கேட்டதற்கு, "அதுக்கு வியாழக்கெழம பள்ளிக்கூடம்யா" என்றாளாம்.

மூன்றாவது முறையும் வெறும் கையோடு நிற்க வேண்டி வருமோ என்கிற பயத்தில் இருந்தவள், அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என் வகுப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். என்னை லாயக்கில்லை என்று சொன்னால்தான் அம்மாவும் மாமாவும் மறுபடி அனுப்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்கு அது விளங்கியபோது எனக்கு இருபது வயது. அதற்குள் அத்தை போய்விட்டாள். எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்பது மட்டும்தான்.

போதும். கை வலிக்கிறது. பேத்தியைக் கூப்பிட வேண்டும். வாடி கண்ணு, இங்கே உட்கார். முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு, அவசரப்படாதே. அத்தை தெருவில் பேசுகிற இடம் வந்தால் மட்டும் சன்னக் குரலில் படிக்காதே. நாலு வீட்டுக்குக் கேட்கட்டும்.